எழுநூற்று எண்பது கிராம்

எழுநூற்று எண்பது கிராம். அண்ணை இப்போது அதற்குள்தான் படுத்திருக்கிறார். கடையின் பின்பக்கத்தில், வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்காக அடித்து வைத்திருக்கும் இரண்டு கூடாரங்களுக்கு நடுவில், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நீலப் படுக்கைப் பைக்குள் காலை நுழைத்து மல்லாந்து, சிப்பை என்னைக் கொண்டே கழுத்து வரை இழுப்பித்து, கண்ணையும் மூடிக்கொண்டார். பதினைந்து நிமிடமாவது படுத்துப் பார்க்க வேண்டும் என்று கடைக்காரி கரோல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பொம்பிளை பாராமல் தாலி கட்டினவன் நான், படுக்கையைப் பாராமல் வாங்கமாட்டேன் என்று அண்ணை பகிடி விட்டார். அதை அவளுக்கு மொழிபெயர்க்கச் சொன்னார். நான் வேறு எதையோ சொன்னேன். அவள் சிரித்தாள், அண்ணையும் தன் பகிடிக்குத்தான் சிரிக்கிறாள் என்று மகிழ்ந்தார். முப்பத்திநான்கு வருடமாக இந்த நாட்டில் அண்ணையின் வாய் நான்தான். மர ஆலை இரைச்சல் அவருடைய காதைத் தின்றுவிட்டது, ஆங்கிலமும் ஆலை வாசலுக்கு வெளியே அவ்வளவாக வரவில்லை. ஆட்கள் வேகமாகப் பேசினால் என் முகத்தைத்தான் பார்ப்பார். அவருடைய மூக்குக் கண்ணாடியும் காது மிஷினும் என் கையில் இருக்கின்றன. மிஷின் உள்ளங்கையில் சூடாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது. இன்னும் பதின்மூன்று நிமிடம்.

பத்துக் கிலோ என்று டொக்டர் சொன்னார். தை மாதம் நெஞ்சு நாளத்து அடைப்புக்கு இரண்டு கம்பிச் சுருள் வைத்த பிறகு, ஐப்பசி வேட்டைக்குப் போகலாமா என்று அண்ணை கேட்க, அதையும் நான்தான் ஆங்கிலமாக்கினேன், நடக்கலாம், மெதுவாக நடக்கலாம், முதுகில் பத்துக் கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்றார். அன்றைக்கே எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. நீதான்ரா எல்லாம் பாத்து எடுக்கவேணும் என்றார் அண்ணை. மூன்று கிழமையாக என் குசினி மேசையில் கோதுமை மா நிறுக்கும் தராசு நிரந்தரமாக இருக்கிறது. என் மனுசி சுகிர்தா அதில் என் காலுறையைக் கண்டு தராசையே குப்பையில் போடப் போனாள். பல்துலக்கியின் பிடியை வாளால் அறுத்தேன், ஒன்பது கிராம் மிச்சம். கூடாரம் ஏற்கெனவே எடுத்தாயிற்று, தரை இல்லாதது, ஒற்றைத் துணி, ஊன்றிக்கொண்டு போகிற தடியையே நடுவில் நட்டால் கோபுரம் மாதிரி நிற்கும், அறுநூற்று இருபது கிராம். அதை நான் தூக்குவேன். கீழே விரிக்கிற காற்றுப் பாயில் அண்ணைக்கு நல்லது, தரைக் குளிரை அதிகம் மறிப்பது, எனக்கு அதிலும் குறைந்தது. யாரும் என்னை நாளைக்கு ஒரு சொல் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் அவருக்கு நல்லதையே எடுத்தேன். படுக்கைப் பை ஒன்றுதான் மிச்சம். அதில் இரண்டு வகை. இந்த நீலம் வாத்துத் தூவி, வாத்தின் நெஞ்சுப் பக்கத்து மெல்லிய மயிர், ஊதினால் பறக்கும், உள்ளே அடைத்தால் அடுப்படிச் சூடு, எழுநூற்று எண்பது கிராம். தட்டில் கிடக்கிற அந்தப் பழுப்பு நிறம் செயற்கைப் பஞ்சு, ஆயிரத்து அறுநூற்று ஐம்பது. இரண்டும் ஒரே குளிருக்குத்தான். பையில் தைத்த பட்டியில், எவ்வளவு குளிர் தாங்கும் என்று இரண்டு எண்கள் போட்டிருக்கிறார்கள், முதலாவது சுகமாக உறங்குவதற்கு, இரண்டாவது உயிரோடு இருப்பதற்கு. இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கும் என்று எந்தப் பட்டியிலும் எழுதுவதில்லை. அது எனக்குத் தெரியும்.

பஞ்சு நனைந்தாலும் சூடு தரும். தூவி நனைந்தால் வெந்நீரில் முக்கிய கோழி. நனைவதற்கு மழை வேண்டியதில்லை, மூச்சு காணும். முகத்தை வெளியே வைத்துப் படுக்கிறவனுக்குத் தூவியை விட நல்லது உலகத்தில் இல்லை. தலையை உள்ளே இழுத்து மூடிக்கொண்டு படுக்கிறவன் இரவு முழுக்கத் தன் மூச்சைத் தானே அந்தத் தூவிக்குள் ஊதிக்கொண்டிருப்பான். முதல் இரவு ஒன்றும் தெரியாது. இரண்டாம் இரவு கொஞ்சம் பாரமாக இருக்கும். நாங்கள் போகிற ஏரிக் கரையில் ஐப்பசியில் காய வைக்க வெயிலும் கிடையாது. மூன்றாம் இரவு தூவி கட்டி கட்டியாகத் திரளும். நாலாம் இரவு அது வெறும் ஈரத் துணி. நாங்கள் போவது ஐந்து இரவு. அண்ணை தலையை மூடித்தான் படுப்பார். எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேரும் அப்படித்தான், நுளம்புக்குப் பழகி, பேய்க்குப் பழகி, பிறகு ஒன்றுக்குமில்லாமல் பழகி, பிணத்தைப் போர்த்துகிற மாதிரி உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை இழுத்து மூடினால்தான் நித்திரை. ஊரில், அளவெட்டியில், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு போர்வை. ஆறு வயது மூத்தவர், உயரமானவர், தலையை மூட இழுப்பார், என் கால் வெளியே வரும். நான் இழுத்தால் உதை விழும். அம்மாவிடம் சொன்னால், அண்ணா வளருற பிள்ளையடா என்பாள். நான் வளருகிற பிள்ளை இல்லையா என்று அப்போதும் கேட்கவில்லை, இப்போது கேட்க அவளும் இல்லை. விடியவிடிய இருட்டில் போர்வைக்குள்ளிருந்து அவருடைய மூச்சு வந்துகொண்டிருக்கும், புஸ், புஸ் என்று, சுகமாக. இப்போதும் அதே சத்தம். பாருங்கள், பேச்சோடு பேச்சாக ஒரு கையை வெளியே நீட்டி, தலைப் பக்கத்துக் கயிற்றைத் தேடிப் பிடித்து, இழுத்து, முழுதாக உள்ளே போய்விட்டார். நெற்றி போயிற்று, மூக்கு போயிற்று. கடைத் தரையில் ஆளில்லாத நீலப் பை ஒன்று மேலும் கீழும் அசைகிறது.

சொல்ல வேண்டியது ஒரு வசனம். அண்ணை, உப்பிடிப் படுக்கக்கூடாது, இல்லையெண்டால் மற்றதை எடுங்கோ. எட்டுச் சொல் கூட வராது. மற்றதை எடுத்தால் எண்ணூற்று எழுபது கிராம் கூடும், பத்துக் கிலோவைத் தாண்டும், தாண்டுகிறதை நான் தூக்கலாம். எனக்கு முதுகு இருக்கிறது. முதுகு இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. மூன்று கிழமையாக இதே இடத்தில் வந்து நிற்கிறேன், தராசில் வைக்கிறேன், எடுக்கிறேன், வாய் திறக்கவில்லை. சாகமாட்டார். குளிரும், அவ்வளவுதான். ஒரேயொரு இரவு குளிரும். எனக்குக் கிடைத்தது போல ஒன்று. நியாயம் கேட்கிறவன் வட்டி கேட்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முந்திய ஐப்பசி, அதே ஏரி. மூஸ் விழுந்தது என் வெடிக்கு. குதிரையை விட உயரமான மான், நாள் முழுக்க வெட்டினோம். பின்னேரம் ஓடையைக் கடக்கும்போது பாசியில் வழுக்கி என் கணுக்கால் திரும்பிவிட்டது. நிற்க முடியவில்லை. அண்ணை என்னைத் தூக்கி ஒரு தறப்பாள் சீலைக்குக் கீழே இருத்தினார். பிறகு என்னையும் பார்த்தார், இறைச்சியையும் பார்த்தார். உண்மையாகவே இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு மணித்தியால நடைக்கு அப்பால் வாகனம். உதவி கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு, முதுகுப் பையில் நல்ல இறைச்சியாகப் பார்த்து இருபத்தைந்து கிலோவை ஏற்றிக்கொண்டு நடந்தார். பைக்கு இடம் வேண்டுமென்று தன்னுடைய படுக்கைப் பையை எடுத்து வெளியே வைத்தார். என்னுடைய பை நான் விழும்போதே ஓடையில் நனைந்துபோயிருந்தது, எனக்குத்தான் வைக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதைச் சுருட்டிக் கையில் கொண்டு போனார்.

அந்த இரவைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை, சுகிர்தாவுக்கும் இல்லை. சொல்ல ஒன்றுமில்லை. குளிர் வலியாக இருக்கிற வரைக்கும் நல்லது. முதலில் விரல் நோகும், பிறகு பல் அடிக்கும், பல் அடிக்கிறதை நிறுத்தப் பார்ப்போம், நிறுத்த முடியாது, பிறகு அது தானாக நிற்கும். நின்ற உடனே ஒரு சந்தோசம் வரும். அப்போது எழும்பிவிட வேண்டும், எனக்கு எழும்பக் கால் இல்லை. நான் எண்ணினேன். எங்கள் தெருவில் இருந்த வீடுகளை எண்ணினேன், வகுப்புப் பெடியன்களின் பெயரை எண்ணினேன், ஒரு வீட்டுக்காரரின் பெயர் மறந்துபோய், அது வந்தால் பிழைப்பேன், வராவிட்டால் இல்லை என்று வைத்துக்கொண்டு, விடியும் வரை அந்தப் பெயரையே தேடினேன். இன்றைக்கும் வரவில்லை. விடிந்து வெகுநேரம் கழித்து அண்ணை கோப்பிப் போத்தலோடு வந்தார், கூட ஒருவரும் இல்லை. என்னை இழுத்துப் பறித்து வாகனத்துக்குக் கொண்டு வந்தபோது முன் இருக்கை முழுதாகச் சாய்த்துக் கிடந்தது, அதில் அவருடைய படுக்கைப் பை விரித்தபடி கிடந்தது, சூடாக்கியும் ஓடியிருக்கிறது, கண்ணாடியெல்லாம் உள்ளே வேர்த்திருந்தது. நித்திரை கொண்டிருக்கிறார். களைப்பு, அவருக்கும் வயது போய்விட்டது, இருட்டில் திரும்பி வரமுடியாது, எல்லாம் சரி. அதைக் கூட விட்டிருப்பேன். பொங்கல் விருந்தில் நாற்பது பேருக்கு முன்னால், என் மகளுக்கு முன்னால், கறியைக் கிண்டிக்கொண்டு சொன்னார்: "இவனை அங்க வைச்சுப்போட்டு இறைச்சியைக் கொண்டு வந்தனான். ஏனெண்டு கேளுங்கோ. இறைச்சி பழுதாப் போகும். இவன் பழுதாகான்." எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்கு முதல் நானும் சிரித்தேன், அதுதான் மற்ற எல்லாவற்றையும் விட எரிகிறது. அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதை வருகிறது. போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு சின்னப் பெண் என்னைக் காட்டி, இவரா அந்தப் பழுதாகாத மாமா என்று கேட்டாள்.

இன்னும் ஏழு நிமிடம் இருக்கும். பை அசைகிறது, நிற்கிறது, அசைகிறது. நிற்கிற நேரம் கொஞ்சம் நீளமாக இருந்தால் நான் குனிந்து பார்க்கிறேன், பிறகு அசைகிறது, ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்கே பிடிபடவில்லை. நாலாம் இரவு எப்படி இருக்கும். அவருக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி நான் பழுப்புப் பஞ்சுக்குள் சூடாகப் படுத்திருப்பேன். கூடாரத் துணியில் எங்கள் மூச்சு உறைந்து பூப்பூவாகக் கிடக்கும். முதலில் புரண்டு படுப்பார். பிறகு பல் அடிக்கும், எனக்குக் கேட்கும், அவருக்கு மிஷின் இல்லாமல் தன் பல்லே கேட்காது. தம்பி என்பார். நான் நித்திரை மாதிரி கிடப்பேன். கிடப்பேனா? தம்பி என்று இரண்டாம் தரம் கூப்பிட்டால்? கிடப்பேன். பல் நிற்கும் வரைக்கும் கிடப்பேன், நின்ற உடனே எழும்பி என் பையைக் கொடுப்பேன், அதுதான் கணக்கு, அவருக்கு அந்தச் சந்தோசத்தின் வாசல் வரை காட்டிவிட்டுக் கூட்டி வருவேன். ஆனால் அங்கே இரண்டு கம்பிச் சுருள் இருக்கிறது. குளிரில் நாளம் சுருங்கும் என்று டொக்டர் சொன்னார், அதையும் நான்தான் தமிழாக்கினேன், சுருங்கும் என்று சரியாகத்தான் சொன்னேன். பல் நிற்கிற சத்தத்துக்கும் நெஞ்சு நிற்கிற சத்தத்துக்கும் இருட்டில் வித்தியாசம் தெரியுமா. தெரியாது. தெரியாது என்று தெரிந்துகொண்டே நிற்கிறேன். பத்துக் கிலோ என்று டொக்டர் சொன்னார், தூவிதான் பாரம் குறைவு, எவரும் இதைத்தான் எடுத்திருப்பார்கள். அண்ணி என் கையைப் பிடித்து அழுவா, நீர் எவ்வளவு பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தீர் என்பா. இதை நினைக்கும்போது என் மேல் எனக்கே இரக்கம் வருகிறது. சீ. மனுசன் எவ்வளவு சுகமாகச் சறுக்குகிறான். சொல்லிவிட வேண்டியதுதான். எழும்பி வரட்டும், சொல்லிவிடுகிறேன். முதுகு இருக்கிறது, எண்ணூற்று எழுபது கிராம் என்ன, ஒரு கொத்து அரிசி கூட இல்லை. இப்படி நேற்றும் முடிவெடுத்தேன். நேற்றைய முடிவு சோறு தின்று எழும்புவதற்குள் போய்விட்டது.

பதினைந்து நிமிடம் ஆவதற்கு முதலே உள்ளேயிருந்து விரல் வந்து சிப்பைத் தேடியது. நான் குந்தி இழுத்துவிட்டேன். அண்ணை முகமெல்லாம் வேர்வையும் சிவப்புமாக, அவித்து எடுத்த மாதிரி வெளியே வந்தார், நரைமயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. இரண்டு நிமிடம் நித்திரையும் கொண்டேன் என்றார். அம்மாடி என்ன சூடு, என்ன பாரமில்லை என்று அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓரமாக இருந்து சப்பாத்துக் கயிறு கட்டத் தொடங்கினார். அப்போதுதான் கரோல் திரும்பி வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், தானும் வேட்டைக்குப் போகிறவள், அவசரமில்லாத பெண். அவள் பையின் தலைப்பக்கத்தை விரலால் நசித்துப் பார்த்தாள். உள்ளே ஈரம் பிடித்திருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். இவர் தலையை உள்ளே விட்டுத்தான் படுத்தார், நான் அங்கிருந்தே கண்டேன் என்றாள். வாயும் மூக்கும் கட்டாயம் வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று நாலு இரவில் தூவி செத்துவிடும், அந்த வயதில் அது விளையாட்டில்லை, பழக்கத்தை விட முடியாத ஆள் என்றால் பேசாமல் அந்தப் பழுப்பு நிறத்தை எடுங்கள், பாரம்தான், ஆனால் ஆளைக் காப்பாற்றும் என்றாள். நான் வாயே திறக்காமல் காரியம் நடந்துவிட்டது. மூன்று கிழமையாக என் தொண்டையில் நின்றதை ஒரு வெள்ளைக்காரி ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். கோபம் வந்தது. அதோடு, உண்மையைச் சொல்லப்போனால், உடம்பு முழுக்க ஒரு லேசும் வந்தது, இனி என் கையில் ஒன்றுமில்லை என்று.

அண்ணை நிமிர்ந்து கையை நீட்டினார். மிஷினைக் கொடுத்தேன். காதில் கொளுவினார், அது கீச்சிட்டு அடங்கியது. என் முகத்தைப் பார்த்தார், எப்போதும் பார்க்கிற மாதிரி.

"என்னவாம் அவள்?"

"தலையை உள்ளுக்கு விட்டு, நல்லா இழுத்து மூடிக் கட்டிப்போட்டுப் படுக்கட்டாம், அண்ணை. மூச்சுச் சூடு வெளியில போகக்கூடாதாம்."

என் குரல்தான் அது. ஒரு தடுமாற்றமும் இல்லை, அவருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும்போது இருக்கிற அதே குரல். அண்ணை கரோலைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டி, தாங்க்யூ, தாங்க்யூ என்று இரண்டு தரம் சொன்னார். காது மிஷினுக்குப் பின்னால் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. அந்தப் புண்ணைக் கண்டதும் எனக்கு அழுகை வந்தது, வேறு எதற்கும் வராதது அதற்கு வந்தது, இந்தக் கிழவனையா நான், இவரையா என்று. கரோல் விலகிப் போகவில்லை. தட்டில் பழுப்புப் பையும் இருக்கிறது. பிழையாச் சொல்லிப்போட்டன் அண்ணை என்று வாயைத் திறந்துவிட்டேன், முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது.

அண்ணை என் தோளில் தட்டினார். "கேட்டியே அவள் சொன்னதை? அண்டைக்கு ஓடைக்கரையில நீயும் இப்பிடி மூடிக்கொண்டு கிடந்திருந்தால் உனக்குக் குளிர்ந்திராது. வெள்ளைக்காரிக்குத் தெரியுது, உனக்குத் தெரியேல்லை. அதுக்குப் போய் என்னோட ரெண்டு மாசம் கதைக்காமல் திரிஞ்சனி." சிரித்தார். பொங்கல் விருந்தில் சிரித்த அதே சிரிப்பு.

கரோல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டதா என்று கேட்டாள்.

நன்றாக விளங்கிவிட்டது, நீலத்தையே கட்டுங்கள் என்றேன்.